மாதிரி டாங்கிக்கு வண்ணமும் வெதரிங்கும்: பயிற்சி உடலில் தொடங்கும் முறை

1/35 அளவு (உண்மையான வண்டியின் 35-ல் ஒரு பங்கு) மாதிரி டாங்கி ஒன்றைப் பல வாரங்கள் உட்கார்ந்து ஒட்டி முடித்த கையோடு, அதுவரை தொட்டே பார்த்திராத வண்ண நுட்பங்கள் அனைத்தையும் அதே மாடலின் மீது முதன்முறையாகச் செய்து பார்ப்பதே புதியவர்களில் பெரும்பாலோர் செய்வது. பள்ளங்களில் நிழல் காட்டப் போடும் நீர்த்த வண்ணமான வாஷ் திட்டுத்திட்டாகப் படிந்துவிட்டால் கட்டுமானத்தில் போட்ட உழைப்பு முழுவதும் வீணாகும் என்ற அச்சத்தில் கை தயங்கும். தயங்கும் கையால் செய்த வெதரிங் அரைகுறையாகவே நிற்கும். வெயிலும் மழையும், புழுதியும் சேறும், சிந்திய எரிபொருளும், ஏறி இறங்கும் வீரர்களின் காலணிகளும் ஒரு வண்டியின் மேற்பரப்பில் விட்டுச் செல்லும் தடங்களை வண்ணத்தால் காட்டுவதுதான் வெதரிங். அதில் கற்க வேண்டியவற்றுள் கடினமானது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது. அந்த எல்லையை அறிய ஒருமுறையாவது அதைத் தாண்டிப் பார்க்க வேண்டும். தாண்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு மாடலைத் தனியே ஒதுக்கிவிடுவது நல்லது. அதை இங்கே பயிற்சி உடல் என்று குறிப்பிடுகிறேன்.

பயிற்சி உடலைத் தயார் செய்தல்

பாகங்கள் தொலைந்துபோன பழைய கிட் (ஒட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்பு), மலிவாகக் கிடைக்கும் எளிய கிட், முன்பு கட்டிப் பிடிக்காமல்போன மாடல் ஆகியவற்றுள் எதுவும் இதற்குப் போதும். மேலுடல், கோபுரம், நான்கைந்து சக்கரங்கள், ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலித் தடம் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். 1/72 அளவும் பயன்படும் என்றாலும், தொடக்கத்தில் கையின் அசைவைக் கண் பின்தொடர்வதற்கு 1/35 வசதியானது. வெறும் பிளாஸ்டிக் தகட்டில் நிறத்தைச் சோதிக்கலாம்; ஆனால் பற்றவைப்புத் தையல், ஆணித் தலை, மூடியின் விளிம்பு போன்ற நுணுக்கங்கள் இல்லாத பரப்பில் வாஷ் எப்படி ஓடுகிறது என்பதைக் கற்க முடியாது. செங்குத்துப் பரப்பு, சரிவுப் பரப்பு, கிடைப் பரப்பு ஆகிய மூன்றும் உள்ள மாடலாக இருப்பது முக்கியம். ஒரே நுட்பம் இந்த மூன்றிலும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

பாகங்களை வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய்ப் பசை நீங்காவிட்டால் பிரைமர் எனும் முதல் அடிப்பூச்சு பிடிக்காது. பின்னர் மாஸ்கிங் டேப்பின் மெல்லிய கீற்றுகளால் உடலைச் சிறு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு நுட்பத்துக்கும் மூன்று கட்டங்கள் ஒதுக்கி, முதலாவதில் போதாது என்று தோன்றும் அளவிலும், இரண்டாவதில் சரி என்று தோன்றும் அளவிலும், மூன்றாவதில் வேண்டுமென்றே மிகையாகவும் செய்யுங்கள். அடிப்படை வண்ணம் மட்டும் பூசிய கட்டம் ஒன்றை எதுவும் செய்யாமல் விட்டுவைத்தால், மற்றவற்றை ஒப்பிட அது உதவும். பயன்படுத்திய வண்ணத்தின் எண், அதை நீர்க்கச் செய்யும் தின்னரின் விகிதம், அடித்த காற்றழுத்தம் ஆகியவற்றை உடலின் உட்புறத்திலேயே மார்க்கரால் எழுதிவிடலாம். நோட்டுப் புத்தகத்தைக் காட்டிலும் இது உறுதியான பதிவு, ஏனெனில் குறிப்பும் விளைவும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை.

எதன் மேல் எது நிற்கும்

வண்ணங்களின் வேதியியலைப் புரிந்துகொள்ளாமல் தொடங்குவதே பல சிக்கல்களுக்கு மூல காரணம். கடைகளில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பார்க்கலாம். வல்லெஹோ போன்ற வண்ண நிறுவனங்களின் நீர் அடிப்படை அக்ரிலிக் ஒன்று. தமியாவின் எக்ஸ்எஃப் வரிசை போன்ற, ஆல்கஹால் கலந்த தின்னரில் கரையும் அக்ரிலிக் இன்னொன்று. மிஸ்டர் கலர் போன்ற லாக்கர் மூன்றாவது. ஹம்ப்ரால் போன்ற எனாமல் நான்காவது. ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணங்கள் நம் நோக்கத்துக்கு எனாமலின் பக்கத்திலேயே நிற்கின்றன, ஏனெனில் இரண்டுமே வெள்ளை ஸ்பிரிட் எனும் பெட்ரோலியக் கரைப்பானில் கரைகின்றன.

நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான்: மேலே போடும் பூச்சின் கரைப்பான் கீழே உலர்ந்திருக்கும் பூச்சைக் கரைக்கக் கூடாது. நன்கு உலர்ந்த அக்ரிலிக்கையும் லாக்கரையும் வெள்ளை ஸ்பிரிட் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. ஆகவே அவற்றின் மேல் எனாமல் வாஷையும் எண்ணெய் வண்ணத்தையும் துணிந்து பயன்படுத்தலாம், பிடிக்காவிட்டால் துடைத்தும் எடுக்கலாம். அடிப்படை வண்ணமே எனாமலாக இருந்தால் இடையில் அக்ரிலிக் வார்னிஷ் ஒன்று கட்டாயம் வேண்டும். லாக்கர் தின்னரோ அனேகமாக எல்லாவற்றையும் கரைக்கும் என்பதால் அதன் இடம் அடித்தளத்தில்தான்.

பிரைமர் படாத பிளாஸ்டிக்கின் மேல் எனாமல் தின்னர் குட்டையாகத் தேங்கினால், குறிப்பாக இறுக்கமாகச் செருகிய சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் தேங்கினால், அந்த இடம் நொறுங்கிப் பிளவுபடக்கூடும். பலரும் வாஷைக் குற்றம் சொல்வது இத்தகைய தருணங்களில்தான். அடிப்புறத்துக்கும் பிரைமர் அடிப்பதும், வாஷைத் தேங்கவிடாமல் ஒற்றியெடுப்பதும் இதற்கு முன்னெச்சரிக்கையாக அமையும்.

காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் கருவியான ஏர்பிரஷின் வேலைக்கு ஆர்கானிக் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். சாதாரண முகக்கவசம் துகளைத் தடுக்குமே தவிர லாக்கரின் ஆவியைத் தடுக்காது. காற்று வெளியேறும் வழியுள்ள அறையில் மட்டுமே வேலை செய்யுங்கள். தூரிகையின் முனையை நாக்கால் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பிரைமரும் அடிப்படை வண்ணமும்

பிரைமரின் நிறம் பிறகு வரப்போகும் சேதத்தின் நிறமும்கூட. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிகளின் எஃகுக்குச் செந்துரு நிறப் பிரைமர் பூசப்பட்டிருந்ததால், அவற்றுக்கு அந்த நிறத்திலேயே தொடங்கினால் உரிந்த இடங்களில் அது இயல்பாகவே வெளிப்படும். ஸ்ப்ரே டப்பாவாக இருந்தால் 20 முதல் 25 செ.மீ. தொலைவில் பிடித்து, மாடலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மாடலைக் கடந்த பின் விரலை எடுங்கள். ஒரே பூச்சில் மூட முயல்வதைவிட இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளே ஆணித் தலைகளைக் காப்பாற்றும்.

ஏர்பிரஷ் வாங்குவதாக இருந்தால் 0.3 மி.மீ. ஊசிமுனை கொண்ட, காற்றையும் வண்ணத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் இரட்டை இயக்க வகை இந்த வேலைகள் அனைத்துக்கும் போதுமானது. தமியா அக்ரிலிக்கை அதன் தின்னருடன் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிக்கத் தொடங்கலாம். கலவை பால் பதத்தில் இருக்க வேண்டும். கிண்ணத்தின் பக்கச் சுவரில் ஒரு சொட்டை ஏற்றிவிட்டால், மெல்லிய படலத்தை விட்டபடி அது சீராகக் கீழிறங்க வேண்டும். மாடலுக்குப் போவதற்கு முன் காகிதத்தில் புள்ளிகளும் கோடுகளும் போட்டுப் பழகுங்கள். காற்றை முதலில் திறந்து, வண்ணத்தைப் பிறகு திறந்து, மூடும்போது வண்ணத்தை முதலில் நிறுத்தும் வரிசை விரலுக்குத் தானாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும்.

பரப்பு சொரசொரவென்று புழுதி படிந்ததுபோல் வந்தால், வண்ணம் மாடலை அடைவதற்கு முன்பே உலர்கிறது. தின்னரைக் கூட்டுங்கள் அல்லது அருகில் செல்லுங்கள். சிலந்திக் கால்களாக வண்ணம் சிதறி ஓடினால், கலவை மிகவும் நீர்த்திருக்கிறது அல்லது ஏர்பிரஷ் மிக அருகில் இருக்கிறது. இந்த இரண்டு நோய்க்குறிகளையும் பயிற்சி உடலில் வேண்டுமென்றே வரவழைத்துப் பாருங்கள். பின்னர் நல்ல மாடலில் அவற்றின் முதல் அறிகுறி தோன்றும்போதே கையை எடுத்துவிடுவீர்கள்.

ஏர்பிரஷ் இல்லாதவர்கள் இதனால் விலகி நிற்க வேண்டியதில்லை. நீர் அடிப்படை அக்ரிலிக்கைச் சிறிது நீர்த்து, அகலமான மென்மயிர்த் தட்டைத் தூரிகையால் மூன்று மெல்லிய பூச்சாகப் பூசலாம். பாதி உலர்ந்த இடத்தைத் திரும்பத் தீண்டாமல் இருப்பதில்தான் இதன் வெற்றி இருக்கிறது. தூரிகைத் தடம் லேசாகத் தெரிந்தாலும் பின்னால் வரும், நிறச்சாயலை மாற்றும் நீர்த்த பூச்சான ஃபில்டரும் புழுதியும் அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

அடிப்படை நிறத்தை எப்போதும் ஆவணம் சொல்வதைவிடச் சற்று வெளிறியதாக வையுங்கள். சிறிய பொருளின் மீது அடர்நிறம் இன்னும் அடர்ந்து தெரியும் என்பது ஒரு காரணம்; ஃபில்டர், வாஷ், வார்னிஷ் ஆகிய ஒவ்வொன்றும் அதை மேலும் கருமையாக்கும் என்பது மற்றொன்று. துல்லியமான நிற எண்ணைத் தேடி அலைவதில் எனக்கு ஆர்வமில்லை. 1943 பிப்ரவரியில் ஜெர்மனி அடர் மஞ்சளை அடிப்படை நிறமாக்கியபோது, அதன் மேல் அடிக்க வேண்டிய ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பசையாகவே படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டன. அவரவர் கையில் கிடைத்த பெட்ரோலையோ நீரையோ கலந்து அடித்தார்கள். அப்படி அடித்த நிறம் ஒரு வண்டியைப் போல் மற்றொரு வண்டியில் இருந்திருக்காது.

அடிப்படை வண்ணம் உலர்ந்ததும், அதே நிறத்தில் சிறிது வெள்ளையோ வெளிர் மஞ்சளோ கலந்து கோபுரத்தின் மேற்பரப்பிலும் தகடுகளின் நடுவிலும் மெல்லியதாக அடித்தால் ஒளி விழுவது போன்ற ஆழம் கிடைக்கும். இதைப் பளிச்சென்று செய்யும் பாணி ஒன்று உண்டு. கண்காட்சி மேசையில் அது எடுபடும். ஆனால் புதியவர்கள் அதை அடக்கமாகவே பயில்வது நல்லது.

ஹேர்ஸ்ப்ரே முறையில் உரித்தல்

ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறம் பூசப்பட்டுப் பின்னர் தேய்ந்துபோன வண்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. 1941-ன் தொடக்கத்தில் அடர் சாம்பல் நிறத்தில் வட ஆப்பிரிக்கா வந்திறங்கி அங்கே மணல் நிறம் பூசப்பட்ட ஜெர்மன் டாங்கிகளும், குளிர்காலத்தில் வெள்ளைச் சுண்ணம் அடிக்கப்பட்ட சோவியத் டி-34 டாங்கிகளும் இதற்கு நல்ல பாடங்கள். இரண்டிலும் உரிந்த இடத்தில் தெரிய வேண்டியது உலோகம் அன்று, கீழே இருக்கும் பழைய நிறம். புதியவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான்.

முதலில் கீழ் நிறம் கெட்டியாக நிற்க வேண்டும். லாக்கராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு வார்னிஷ் பூச்சு போட்டு ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். அதன் மேல் மலிவான ஹேர்ஸ்ப்ரேயை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து, தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும்வரை, ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடம், காத்திருங்கள். பின்னர் மேல் நிறத்தைத் தமியா வகை அக்ரிலிக்கில், அடியிலிருப்பது லேசாகத் தெரியும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். தடித்துவிட்டால் நீர் ஊடுருவாது. நீர் அடிப்படை அக்ரிலிக்குகள் உலர்ந்ததும் தோல்போல் இழுவைத்தன்மை பெறுவதால், துணுக்குகளாக உதிராமல் தகடு தகடாக உரிந்து வரக்கூடும். இந்த வேலைக்கு அவற்றைத் தவிர்க்கலாம்.

மேல் நிறம் தொடும் அளவுக்கு உலர்ந்தவுடன், ஒரு மணி நேரத்துக்குள், உரிக்கத் தொடங்குங்கள். உள்ளங்கை அளவுப் பரப்பை மட்டும் வெதுவெதுப்பான நீரால் ஈரமாக்கி அரை நிமிடம் பொறுங்கள். நீர் மேல் பூச்சின் வழியே இறங்கி ஹேர்ஸ்ப்ரேயை இளக்கும். மயிரைக் குட்டையாக வெட்டிய பழைய தூரிகையின் முனையால் விளிம்புகளில் லேசாகக் குத்துங்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, திடீரென்று ஒரு துணுக்கு கழன்று வரும். அந்த முதல் துணுக்கைக் கண்டதும் கையின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும், ஏனெனில் அந்த இடம் திறந்துவிட்ட பிறகு சுற்றிலும் நீர் வேகமாகப் பரவி அடுத்தடுத்த துணுக்குகள் எளிதாகக் கழலும். நீண்ட கீறல்களுக்குப் பல்குச்சி போதும். முடிந்ததும் ஒற்றியெடுத்து உலர்த்தி, வார்னிஷ் அடித்து அந்த நிலையைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை நீர் பட்டாலும் மீண்டும் உரியும்.

எண்களும் சின்னங்களும் அச்சிட்ட ஒட்டுப்படங்களான டீகால்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பளபளப்பு வார்னிஷின் மேல் ஒட்டி, மென்மையாக்கும் திரவம் தடவி, மீண்டும் வார்னிஷால் மூடுங்கள். மங்கலான பரப்பில் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெள்ளி நிறத்தில் பளபளக்கும்.

ஃபில்டர், வாஷ், எண்ணெய்ப் புள்ளிகள்

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஒரு பங்கு நிறத்துக்கு ஏறத்தாழ 20 பங்கு தின்னர் கலந்து, ஈரத்தூரிகையால் பரப்பு முழுவதும் சமமாகத் தடவி, அடிப்படை நிறத்தின் சாயலை மட்டும் சற்று மாற்றுவது ஃபில்டர். அதைவிட அடர்த்தியாகக் கலந்து, பள்ளங்களிலும் நுணுக்கங்களைச் சுற்றியும் மட்டும் நிழல் தேங்கச் செய்வது வாஷ். முழு மாடலையும் வாஷில் நனைத்தெடுத்து, மேடுகளில் வெளிர் நிறத்தை உலர்தூரிகையால் தேய்க்கும் வழக்கத்தை 1980-களில் பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன் பரவலாக்கினார். இன்று பெரும்பாலோர் நுணுக்கங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போடும் வாஷையே விரும்புகிறார்கள்.

பரப்பு அரைப் பளபளப்பாக இருக்கும்போது இதைச் செய்யுங்கள். மங்கலான பரப்பில் வாஷ் பள்ளத்துக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே கறையாக ஊறிவிடும். முனை கூர்மையான சிறு தூரிகையை வாஷில் தோய்த்து, கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை இழுத்து, ஆணித் தலையின் மேல் வைக்காமல் அதன் பக்கவாட்டு அடியில் மட்டும் தொடுங்கள். தொட்ட மாத்திரத்தில் கருமை ஆணியைச் சுற்றி வட்டமாக ஓடி, தகட்டின் இணைப்புக் கோட்டைச் சந்தித்தால் அதன் வழியே இன்னும் சிறிது தூரம் தானாகவே போகும். சுற்றிலும் ஒரு கறைவளையம் விழத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 10 முதல் 20 நிமிடம் கழித்து, ஈரப் பளபளப்பு மறைந்ததும், வெள்ளை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துணியில் நன்றாகத் துடைத்த, ஈரம் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு உலர்ந்த தூரிகையால் அந்த வளையத்தை மேலிருந்து கீழாக இழுத்து அகற்றுங்கள். தூரிகை ஈரமாக இருந்தால் ஆணியைச் சுற்றியுள்ள நிழலும் சேர்ந்தே போய்விடும். வாஷுக்குத் தூய கறுப்பு தேவையில்லை. மணல், மஞ்சள் நிறங்களுக்கு அடர் பழுப்பும், பச்சைக்குக் கறுப்பு கலந்த பழுப்பும் இயல்பாக இருக்கும்.

எண்ணெய்ப் புள்ளிகளுக்கு வண்ணத்தை முதலில் அட்டைத் துண்டின் மேல் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் வண்ணம் விரைவில் உலரும், மினுமினுப்பும் வராது. வெள்ளை, காவி மஞ்சள், அடர் பழுப்பு, சிறிது நீலம் ஆகியவற்றை ஊசிமுனை அளவுப் புள்ளிகளாக ஒரு தகட்டின் மீது சிதறலாக வைத்து, முன் சொன்னதுபோல் அனேகமாக உலர்ந்த தூரிகையால் கலைத்துவிடுங்கள். செங்குத்துப் பரப்பில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். கிடைப் பரப்பில் குத்திக் கலைக்க வேண்டும், ஏனெனில் அங்கே மழைநீர் வழிந்தோடாமல் தேங்கி உலர்கிறது. முடிவில் எந்தப் புள்ளியும் தனியாகத் தெரியக் கூடாது. தகடு ஒரே நிறமாகவும் தோன்றக் கூடாது.

உராய்வும் துருவும்

தூரிகையை எடுப்பதற்கு முன் ஓர் எளிய கணக்கைப் போடுங்கள். 1/35 அளவில் 1 மி.மீ. அகலமுள்ள ஒரு புள்ளி, உண்மையான வண்டியில் 35 மி.மீ. அகலமுள்ள காயம். உடல் முழுவதும் அப்படிப்பட்ட புள்ளிகளை இறைத்துவிட்டு, வண்டி போரிலிருந்து திரும்பியதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனவே பெரும்பாலான உரிவுகள் கண்ணை அருகில் கொண்டுபோனால் மட்டுமே தெரிய வேண்டும்.

பொதிகட்டும் நுரைப் பஞ்சில் சிறு துண்டைக் கையால் பிய்த்தெடுங்கள். கத்திரியால் வெட்டினால் விளிம்பு நேராகிவிடும். அதை இடுக்கியால் பிடித்து, அடிப்படை நிறத்தைவிட வெளிறிய சாயலில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி, ஏதும் ஒட்டாததுபோல் தோன்றும் நிலைக்கு வந்த பிறகே மாடலின் விளிம்பில் ஒற்றுங்கள். இது வண்ணத்தின் மேற்பூச்சில் மட்டும் விழுந்த சிராய்ப்பு. அவற்றுள் பெரிய சிலவற்றின் நடுவில், வெளிர் விளிம்பு மீதமிருக்கும்படி, நுண்தூரிகையால் அடர் சாக்லேட் பழுப்பை நிரப்பினால் அது எஃகு வரை இறங்கிய காயமாகிவிடும். வெள்ளி நிறத்தால் உரிவைக் காட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். திறந்துவிடப்பட்ட கவச எஃகு விரைவில் கருத்துவிடும்.

எங்கே போடுவது என்பதைத் தீர்மானிப்பதற்குத் தூரிகை தேவையில்லை, யோசனைதான் வேண்டும். ஓட்டுநர் எந்த வழியாக ஏறி உள்ளே இறங்குகிறார், கருவிப் பெட்டி எந்தப் பக்கம் திறக்கிறது, மரக்கிளை முதலில் எங்கே உரசும் என்று பாருங்கள். மூடியின் விளிம்பும் மட்கார்டின் மூலையும் நிச்சயமாகத் தேய்ந்திருக்கும். யாருடைய காலும் படாத பீரங்கிக் குழலின் நடுப்பகுதி அப்படித் தேய்வதற்குக் காரணமே இல்லை. பொருளும் முக்கியம். எம்113 கவச வாகனத்தின் உடல் அலுமினியத்தால் ஆனது. அதன் மீது செந்துருவை வழியவிட்டால் அறிந்தவர் முதல் பார்வையிலேயே சிரித்துவிடுவார். 1943-ன் பிற்பகுதி முதல் 1944 செப்டம்பர் வரை ஜெர்மன் டாங்கிகளுக்குப் பூசப்பட்ட, காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் தடுக்கும் சிமெரிட் பசையும் துருப்பிடிக்காது. அது துண்டு துண்டாக உதிர்ந்து அடியிலுள்ள பரப்பை வெளிக்காட்டும். மெல்லிய தகட்டால் ஆன புகைப்போக்கியோ, வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் படுவதால், வண்டி புதிதாக இருக்கும்போதே துருவேறத் தொடங்கிவிடும். செம்மஞ்சள் முதல் அடர் பழுப்பு வரையிலான துரு நிறங்களைத் தாராளமாகப் பழக அதுவே சரியான இடம்.

வழிந்த கோடுகளையும் இப்போதே பழகலாம். ஓர் ஆணி, ஒரு மூடியின் அடிவிளிம்பு, ஓர் உரிவு என ஒரு காரணத்திலிருந்து தொடங்கி, எனாமலால் மயிரிழைக் கோடு ஒன்றைக் கீழ்நோக்கி வரையுங்கள். 10 நிமிடம் கழித்து, தட்டைத் தூரிகையை அரைகுறை ஈரத்தில் இருபுறமும் இழுத்து அதை மெலியச் செய்யுங்கள். கோடுகள் ஒரே நீளத்திலும் ஒரே இடைவெளியிலும் அமைந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

புழுதி, சேறு, சங்கிலித் தடம்

மங்கல் வார்னிஷ் ஒன்றை அடித்த பிறகே மண் வேலைக்கு வாருங்கள், ஏனெனில் பிக்மென்ட் எனும் நிறப்பொடியின் துகள் பிடித்து நிற்பதற்குச் சொரசொரப்பான பரப்பு வேண்டும். இரண்டு மூன்று மண் நிறங்களைக் கலந்து, உலர்ந்த தூரிகையால் கீழுடலிலும் சக்கர நடுவிலும் மட்கார்டின் மூலைகளிலும் வையுங்கள். பின்னர் தூரிகை முனையிலிருந்து ஒரு சொட்டு வெள்ளை ஸ்பிரிட்டையோ துகளை ஒட்டவைக்கும் பிக்மென்ட் ஃபிக்ஸரையோ துகளுக்குப் பக்கத்தில் விட்டால், அது தானாகவே ஊறிச் சென்று துகளை நனைக்கும். தூரிகையால் நேரடியாகத் தொட்டால் துகள் கலைந்து, கோடு கோடாகத் தடம் விழும். நனைந்திருக்கும்போது அடர்ந்து தெரியும் நிறம் உலர்ந்ததும் நன்றாக வெளிறும். ஆகவே முழுதும் உலரும்வரை தீர்ப்புச் சொல்லாமல் பொறுத்திருக்க வேண்டும். கிடைப் பரப்புகளில் நடுப்பகுதியைத் துடைத்துவிட்டு மூலைகளில் மட்டும் மீதம் வைத்தால், வீரர்கள் நடமாடித் தேய்ந்ததுபோல் அமையும்.

சேற்றுக்குப் பிளாஸ்டர் தூளையும் பிக்மென்ட்டையும் அக்ரிலிக் பசையில் குழைத்துக்கொள்ளலாம். மேற்சொன்ன கணக்கு இங்கும் பொருந்தும்: 1 மி.மீ. மணற்பரல் 35 மி.மீ. கல்லாகத் தெரியும் என்பதால், கலவையில் சேர்ப்பவற்றை நன்றாகச் சலித்தெடுங்கள். பழைய சேற்றை வெளிறிய நிறத்தில் மங்கலாகவும், புதிய சேற்றை அடர்நிறத்தில் அரைப் பளபளப்பாகவும், பழையதன் மேல் குறைந்த பரப்பில் போடுவதே முறை.

சங்கிலித் தடத்தில் தரையில் தேய்ந்து பளபளக்கும் இடம் எது என்று முதலில் கேளுங்கள். டி-34-ன் எஃகுக் கண்ணிகளில் தரையைத் தொடும் மேடுகளும் வழிகாட்டிப் பற்களும் மெருகேறியிருக்கும். அடர் பழுப்பில் அடித்து, மண் பிக்மென்ட் போட்டு உலர்த்தியபின், மேடுகளின் மேல் மென்மையான பென்சிலின் கரியைத் தேய்த்தால் அந்த மெருகு அப்படியே கிடைக்கும். அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் ரப்பர்க் கட்டைத் தடங்களுக்கு இதைச் செய்யக் கூடாது. அங்கே மினுங்க வேண்டியவை ஓரத்து உலோக இணைப்பிகளும் வழிகாட்டிப் பற்களும் மட்டுமே. ரப்பருக்குத் தூய கறுப்பைப் பூசாமல் அடர் சாம்பலைப் பூசுங்கள்.

எரிபொருள் கறைகளைக் கடைசியாக வையுங்கள். அடர் பழுப்பு எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பு வார்னிஷ் கலந்து, எரிபொருள் மூடியைச் சுற்றி முதலில் அகலமாகவும் மங்கலாகவும், அது உலர்ந்தபின் நடுவில் சிறிதாகவும் பளபளப்பாகவும் விடலாம். ஜெர்மன் டைகர் டாங்கியின் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் அதன் கறை மங்கலாக இருக்கட்டும். டி-34-ன் டீசல் நெடுநேரம் ஈரமாகவே நிற்பதால் அங்கே பளபளப்பைச் சற்றுத் தாராளமாகக் காட்டலாம்.

எல்லாக் கட்டங்களும் நிரம்பியதும் பயிற்சி உடலை ஒரே விளக்கின் கீழ், இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும்போது சரியெனத் தோன்றிய சில கட்டங்கள் படத்தில் மிகையாகவும், மிகையெனத் தோன்றியவற்றில் சில பொருத்தமாகவும் தெரியும். பிறகு உடலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தமியா வகை அக்ரிலிக் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்தூரிகையால் தேய்த்தால் கழன்றுவிடும். தீப்பற்றக்கூடிய திரவம் என்பதால் மூடியுள்ள டப்பாவில், அடுப்புக்கும் விளக்குச் சுடருக்கும் எட்டாத இடத்தில் ஊறவையுங்கள். லாக்கர் அவ்வளவு எளிதில் போகாது. அதைக் கரைக்க வல்ல தின்னர் பிளாஸ்டிக்கையும் தின்னும் என்பதால், பிக்மென்ட்டைக் கழுவித் துடைத்துவிட்டு மேலேயே புதிதாகப் பிரைமர் அடித்துக்கொள்ளலாம். பற்றவைப்புத் தையல்களும் ஆணித் தலைகளும் பூச்சுக்கு அடியில் மழுங்கி, வாஷ் ஓடுவதற்கு வழியில்லாமல் போகும்வரை அதே உடல் அடுத்தடுத்த சுற்றுகளுக்குப் பயன்படும்.